தடையில்லாச் சான்றும் நானும்

மார்ச் 24, திங்கள்

போர்வெல் வண்டிக்குத் துளையிடும் பிட்டு விற்கும் கம்பெனிக்காரர்கள் இந்த டைரியைத் தைப் பொங்கலுக்குக் கொடுத்தார்கள். திருச்செங்கோட்டில் எத்தனையோ போர் ஏஜென்டுகள் இருக்க, எனக்குத்தான் முதல் டைரி. கடைசி டைரி என்று மானேஜர் சொன்னதாகப் பாவாயி சொல்கிறாள். கட்டிய மனைவிக்குப் புருஷனுடைய மதிப்பு எப்போதுமே தாமதமாகத்தான் தெரியவரும். இரண்டரை மாதமாக ஒரு வரிகூட எழுதவில்லை. எழுதும் அளவுக்கு ஊரில் ஒன்றும் நடக்கவில்லை. இன்று நடந்துவிட்டது.

சாயங்காலம் சுகுணா வந்தாள். காலமான என் அக்காளின் ஒரே மகள். கொங்குமலர் பொறியியல் கல்லூரியில் பன்னிரண்டு வருடமாகக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறாள். அவளுக்குக் கணக்கு வந்தது என் வழியில்தான். அக்காளுக்குப் பால் கணக்கே வராது.

"இன்னைக்கு மீட்டிங்கு போட்டாங்க மாமா. பி.எச்டி. இல்லாதவங்க ஜூலைக்குள்ள எங்கயாச்சும் சேர்ந்து ஆர்டர் காட்டோணுமாம். இல்லீன்னா வர்ற வருசத்துல இருந்து வரவேண்டாம்னு பிரின்சிபால் சொல்லிட்டாரு."

"சேர்ந்துட்டாப் போச்சு. என்ன இப்ப?"

"முழு நேரம்னா வேலையை விடோணுங் மாமா. பகுதி நேரம்னாலும் பாதிப் பேரு வாரத்துல நாலு நாள் அங்க வந்து உக்காருன்னு சொல்றாங்க. பாப்பா ரெண்டாவது படிக்கறா. அவரு பேட்டரி கடையை உட்டுட்டு வர முடியாது. எனக்குத் தோதா எங்க இருக்குதுன்னு தேடிக்கிட்டிருக்கறேன்."

"தேடறத நிறுத்து. என்ற கைல உட்டுரு."

பாவாயி மோர் கொண்டு வந்து வைத்தாள். "அம்மணி, நீ தேடறத நிறுத்தீராத" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

நான் எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவன். வரை என்றால் அதற்கு முன்னால் எங்கே வேண்டுமானாலும் நின்றுகொள்ளலாம். நின்ற இடத்திலிருந்தே இந்த மாவட்டத்துக்குத் தண்ணீர் கொடுத்தவன். எனக்கு ஒரு டாக்டர் பட்டம் எம்மாத்திரம்?

மார்ச் 26, புதன்

மோட்டாருக்கு கெப்பாசிட்டர் மாற்றினேன். வாழைக்குத் தண்ணீர் கட்டினேன்.

பி.எச்டி. பற்றி முழு ஆராய்ச்சி செய்து முடித்துவிட்டேன். டீக்கடையில் ரிடையர்டு ஹெட்மாஸ்டரிடம் அரை மணி நேரம் பேசினேன். என் பாணியில் சொன்னால் இது ஆயிரம் அடி போர். படிப்பவர் ரிக் வண்டி. 'கைடு' என்று ஒருவர் இருப்பார், அவர்தான் எங்கே தண்ணீர் என்று பாயிண்ட் பார்த்துச் சொல்பவர். ஒரு கைடு இத்தனை பேரைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்று கணக்கு உண்டாம். இடம் காலியாக இருக்கும் கைடைப் பிடிப்பது, நல்ல வேலையில் இருக்கும் மாப்பிள்ளையைப் பிடிப்பது மாதிரி. அதில் என்னை மிஞ்ச ஆளில்லை.

சுகுணாவுக்கு மாப்பிள்ளை பார்த்ததே நான்தான். அவள் எம்.பில். முடித்த வருடம் சென்னையிலிருந்து ஒரு காகிதம் வந்தது. முழு நேர ஆராய்ச்சிக்கு இடம், மாதாமாதம் உதவித்தொகை என்று ஏதேதோ போட்டிருந்தது. அவள் போகவில்லை. பெண்பிள்ளைகள் மனசு அப்படித்தான், கடைசி நேரத்தில் மாறும். அதே வாரத்தில் நான் தனசேகரன் ஜாதகத்தோடு போய் நின்றேன். ஒரே வாரத்தில் வேறு யாரால் முடியும்?

இதைச் சாப்பிடும்போது சொன்னேன். பாவாயி, "ஆமாமா, மனசு தானா மாறுச்சு" என்று சொல்லிவிட்டு ரசத்தைத் தட்டுக்கு வெளியே ஊற்றினாள்.

ஏப்ரல் 2, புதன்

சேலம் போனேன். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில், ஒரு பேக்கரிக்கு மேல் மாடியில் ஆபீஸ். 'வேலை செய்துகொண்டே முனைவர் ஆகலாம்' என்று மின்கம்பத்தில் ஒட்டியிருந்த நோட்டீசில் பார்த்துப் பிடித்தேன். சுகுணா ஒன்பது நாளாகக் கம்ப்யூட்டரில் தேடுகிறாள். நான் ஒரே கம்பத்தில் முடித்தேன்.

ஆபீஸ்காரர் பெயர் டாக்டர் மதிவாணன். பெயருக்கு முன்னால் மூன்று டாக்டர். ஒரு தீவின் பெயரில் பல்கலைக்கழகம். அந்தத் தீவு எங்கே இருக்கிறது என்று கேட்டேன்.

"தண்ணிக்கு நடுவுலங்க."

நேர்மையான பதில். பிடித்திருந்தது. "புள்ளை வேலைக்குப் போகுதுங்க. வாரத்துல எத்தன நாள் வரோணும்?"

"வரவே வேண்டாமுங்க. அதுதானுங்க நம்ம ஸ்பெசல். நீங்க எந்தத் தேதி சொல்றீங்களோ அந்தத் தேதியில முடிச்சதாப் போட்டுக்கலாம். போன வருசமே முடிச்ச மாதிரியும் பண்ணலாம்."

"கணக்குல வேணுமுங்க."

"கணக்கு, கம்ப்யூட்டர், யோகா, எதுனாலும் ஒரே அட்டைதான். பேரை மட்டும் மாத்துவோம்." என்னை மேலும் கீழும் பார்த்தார். "உங்களை மாதிரி அனுபவஸ்தருக்குச் சேவைக்காக ஒரு கௌரவ டாக்டர் போட்டுறலாமுங்களே. நிலத்தடி நீர்ல."

நான் உடனே மறுத்துவிட்டேன். பட்டமளிப்பு அங்கியை மட்டும், அளவு சரியாக இருக்கிறதா என்று, அவர் வற்புறுத்தியதால் போட்டுப் பார்த்தேன்.

சுகுணாவுக்குப் போன் செய்து நல்ல செய்தியைச் சொன்னேன். 

"மாமா, அந்தக் காகிதத்தக் கொண்டுபோய்க் காலேஜ்ல கொடுத்தா, வேலை போறது மட்டுமில்ல, போலீஸ் வந்துரும். தயவுசெஞ்சு பஸ் ஏறி ஊட்டுக்கு வாங்க."

பொறாமை இல்லாத குடும்பம் எது?

ஏப்ரல் 3, வியாழன்

என் சட்டையைத் துவைக்கப் போட்ட பாவாயி, பையில் இருந்த போட்டோவைப் பார்த்துவிட்டாள். சிவப்பு அங்கி, குஞ்சம் வைத்த தொப்பி. "எந்தக் கோயில்ல பூசாரி வேலை?" என்கிறாள். இன்று எழுத நேரமில்லை.

ஏப்ரல் 11, வெள்ளி

சுகுணா வீட்டுக்குப் போயிருந்தேன். என் தேடலுக்குத் துணையாக அவளும் கொஞ்சம் வேலை பார்த்திருக்கிறாள். ஒரு நோட்டில் கட்டம் போட்டு நாற்பத்து மூன்று இடங்கள். ஒவ்வொன்றுக்கும் நேராக அவள் கையெழுத்து. 'முழு நேரம் மட்டும்.' 'ஆறு மாதம் அங்கேயே தங்க வேண்டும்.' 'இணையத்தில் படிக்கலாம், நம் ஊரில் செல்லாது.' 'கைடு ரிடையர் ஆகிறார்.' மீதி முழுக்க 'பதில் இல்லை', 'பதில் இல்லை', 'பதில் இல்லை'. ஒருத்தி நாற்பத்து மூன்று பேருக்கு எழுதி இத்தனை 'பதில் இல்லை'யை வரிசையாக, கோடு போட்டு, அழகான எழுத்தில் எழுதி வைத்திருப்பதைப் பார்த்தால் எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. வெயில்தான் காரணம்.

முப்பத்தெட்டாவது வரியில் மட்டும் பச்சை மை. திருச்சியில் ஒரு கல்லூரி, பேராசிரியை பியூலா. பகுதி நேரத்துக்கு ஒரே ஒரு இடம் இருக்கிறது, சனிக்கிழமை வகுப்பு, நேரில் வந்து பேசு என்று பதில். மே பதினாறுக்குள் விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும். அதோடு, இவள் வேலை பார்க்கும் கல்லூரி 'இவர் படிப்பதில் எங்களுக்கு ஆட்சேபணை இல்லை' என்று தடையில்லாச் சான்று தர வேண்டும். அது இல்லாவிட்டால் கவரையே பிரிக்க மாட்டார்களாம்.

"அப்படி என்னத்த அம்மணி ஆராய்ச்சி பண்ணப் போறே?"

காலண்டர் தாளைக் கிழித்து, பின்பக்கம் நாலு புள்ளி வைத்து, வரிசையாகக் கோடு போட்டு இணைத்தாள். "இந்தப் புள்ளிகளுக்குச் சைபர்ல இருந்து மூணு வரைக்கும் நம்பர் கொடுக்கோணும். ஒவ்வொரு கோட்டுக்கும் ரெண்டு முனையோட வித்தியாசத்தை எழுதோணும். ஒரு வித்தியாசம் ரெண்டு தடவை வரக்கூடாது."

சைபர், மூணு, ஒண்ணு, ரெண்டு என்று எழுதினாள். வித்தியாசம் மூணு, ரெண்டு, ஒண்ணு. சரிதான்.

"இவ்வளவுதானா? இதுக்கு மூணு வருசமா?"

"கோடு நேரா இருந்தா இவ்வளவுதானுங் மாமா. கிளை கிளையாப் பிரிஞ்சா? எப்படிப் பிரிஞ்சாலும் இந்த மாதிரி நம்பர் கொடுக்க முடியுமான்னு உலகத்துல இன்னும் ஒருத்தரும் நிரூபிக்கல. அதுல ஒரு சின்ன வகைக்கு எனக்கு வழி தெரியற மாதிரி இருக்குது."

"எப்ப இருந்து?"

"எம்.பில். படிக்கறப்ப இருந்து."

சொல்லும்போது அவள் முகம் வேறு ஆள் முகமாக இருந்தது. நான் அவளைத் தூக்கி வளர்த்தவன், இந்த முகத்தைப் பார்த்த ஞாபகம் இல்லை.

வீட்டுக்கு வந்து அஞ்சு புள்ளி வைத்து நானே போட்டுப் பார்த்தேன். முதல் முயற்சியிலேயே வந்துவிட்டது. பாவாயி கொஞ்சம் எட்டிப் பார்த்து "நடுவுல மூணைப் போடுங்க" என்று சொன்னது உண்மை. ஆனால் பேனா என் கையில்தான் இருந்தது.

ஏப்ரல் 26, சனி

திருச்சி. காலை ஐந்தே முக்காலுக்குப் பஸ். தேங்காய், பழம், வெற்றிலை, ஒரு கிலோ லட்டு எடுத்துக்கொண்டேன். "இது பொண்ணு பார்க்கற சடங்கு இல்லீங் மாமா" என்றாள் சுகுணா. கேட்டுவர யாரும் வெறுங்கையோடு போவார்களா?

பியூலா அம்மா ஒல்லியாக, பருத்திச் சேலையில் இருந்தார். தட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "சார் யாரும்மா?"

"எங்க மாமாங்க மேடம்."

"சார் வெளிய மரத்தடியில உக்காரட்டும். லட்டும்."

பேச்சுவார்த்தையின் முக்கியமான கட்டத்தை நான் மரத்தடியிலிருந்து கண்காணித்தேன். ஜன்னல் திறந்திருந்தது. முதல் அரை மணி அந்த அம்மா கேட்டார், சுகுணா சொன்னாள். அடுத்த ஒரு மணி நேரம் சுகுணாதான் பேசினாள். சாக்பீஸ் சத்தம். நடுவில் ஒரு தடவை அந்த அம்மா, "இரு, இரு, இந்த வரி எப்படி வந்துச்சு?" என்று நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தது கேட்டது.

வாட்ச்மேனோடு லட்டைப் பகிர்ந்துகொண்டேன். உள்ளே பேசுவது நாசாவில் கூப்பிட்டும் போகாத பெண் என்று சொன்னேன். "அங்க சம்பளம் கம்மிங்களா?" என்று கேட்டார். நல்ல மனிதர்.

வெளியே வந்த அந்த அம்மா என்னிடம், "இவ்வளவு நாள் எங்கே வச்சிருந்தீங்க இந்தப் பொண்ணை?" என்றார். பாராட்டுதான். நான் லட்டுப் பெட்டியை எடுத்து நீட்டினேன், இன்னும் நாலு லட்டு மிச்சம் இருந்தது.

"சான்று மட்டும் வாங்கிட்டு வாம்மா. இந்த இடத்துக்கு இன்னும் மூணு பேர் கேக்கிறாங்க. பதினாறாம் தேதி சாயங்காலம் வரைக்கும் வச்சிருப்பேன்."

ஏப்ரல் 29, செவ்வாய்

நேற்று சுகுணா சான்றுக்கு மனு கொடுத்திருக்கிறாள். தானாக வந்துவிடும் என்று நினைக்கிறாள். காகிதம் தானாக நகராது, தள்ள ஆள் வேண்டும். அவளிடம் சொல்லாமல் இன்று நானே கல்லூரி முதல்வர் சிதம்பரநாதனைப் பார்த்தேன்.

இங்கே ஒரு தொழில் ரகசியம். ஒருவர் போர் போடுவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே இருந்தால், "பக்கத்துக் காட்டுக்காரர் வண்டி கேட்டுட்டாருங்க, நாளைக்கு அங்க போயிரும்" என்று சொல்ல வேண்டும். அரை மணியில் சம்மதம் வரும். இருபத்தெட்டு வருடத்தில் ஒரு தடவைகூட இந்த வித்தை பிசகியதில்லை.

"எங்க புள்ளையோட அருமை உங்களுக்குத் தெரியாதுங்க" என்று ஆரம்பித்தேன். "மெட்ராஸ்ல ஒரு பெரிய இடத்துல மூணு மடங்கு சம்பளத்துக்குக் கூப்பிடறாங்க. பட்டம் கைக்கு வந்த மறுநாளே துறைத் தலைவர். கல்வித் துறையில மேல ஒரு அதிகாரி நமக்கு வேண்டியவரு, அவரே பேசிட்டாரு. நாங்கதான் யோசனையில இருக்கறோம்."

"அப்படிங்களா?" என்றார் முதல்வர். "எந்த இடம்?"

"இப்பச் சொல்ல முடியாதுங்க. மேலிடத்து விசயம்."

"அப்படிங்களா? சுகுணா மேடத்துக்குச் சம்மதமா?"

"ஒரு கால் அங்க வெச்சாச்சுங்க."

"அப்படிங்களா?"

மூன்று தடவை 'அப்படிங்களா'. பேனாவை எடுத்து ஒரு தாளில் குறித்துக்கொண்டார். என் பேச்சைக் குறிப்பெடுத்த முதல் முதல்வர். காபி வரவில்லை, அசந்து போய் மறந்திருப்பார்.

மே 2, வெள்ளி

சான்று தர முடியாது என்று பதில் வந்திருக்கிறதாம். காரணம் போடவில்லை. சுகுணாவுக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்கும் புரியவில்லை. முதல்வருக்கு ராகு திசையாக இருக்கும்.

மே 5, திங்கள்

கத்திரி வெயில் ஆரம்பித்துவிட்டது. மதியம் இரண்டு மணிக்குச் சுகுணா ஸ்கூட்டரில் வந்தாள். ஹெல்மெட்டைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள்.

"பிரின்சிபாலைப் போய்ப் பார்த்தீங்களா மாமா?"

"ஒரு மரியாதை நிமித்தம்…"

"பட்டம் வாங்குன மறுநாள் நான் மெட்ராஸ் போறேனாம். மூணு மடங்கு சம்பளமாம். 'இன்னொரு காலேஜுக்கு ஆள் தயார் பண்ணிக் கொடுக்க நாங்க எதுக்கும்மா சனிக்கிழமை லீவு தரோணும்?'னு கேக்கறாரு. தாளாளர் வரைக்கும் சொல்லிட்டாராம். நான் இல்லைன்னு சொன்னா, 'உங்க மாமாவே வந்து சொன்னாரேம்மா'ங்கறாரு."

"நான் உன்ற மதிப்பை ஏத்தத்தான் அம்மணி…"

"எனக்கு மதிப்பு வேண்டாமுங் மாமா. ஒரு கையெழுத்து போதும். அந்தம்மா பதினாறு வரைக்குந்தான் இடத்தை வெச்சிருப்பாங்க. அது போச்சுன்னா ஜூலைல வேலையும் போச்சு. அந்தக் கணக்கை நான் யார்கிட்டப் போய்ச் சொல்றது? அவருகிட்டயா? பாப்பாகிட்டயா?"

கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தி, சரியாகப் போயிருக்கும். பாவாயி தண்ணீர் கொடுத்தாள். குடித்துவிட்டுச் செம்பைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனாள்.

"ஒரு தடவை பண்ணுனது பத்தலையாட்ட இருக்குது" என்றாள் பாவாயி. யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை. வீட்டில் நான் மட்டும்தான் இருந்தேன்.

மே 6, செவ்வாய்

மல்லசமுத்திரம் பக்கம் ஒரு போர். எழுநூற்று நாற்பது அடி. தண்ணீர் இல்லை, வெறும் புகை. காட்டுக்காரர் என்னைப் பார்த்தார். பாறை சரியில்லை என்று சொன்னேன். எப்போதும் அப்படித்தான் சொல்வேன்.

மே 8, வியாழன்

தனசேகரன் கடைக்குப் போனேன். அவன் எப்போதும் போலக் குறைவாகத்தான் பேசுவான். "மூணு நாளா அந்த நோட்டைத் தொடல மாமா" என்றான். ஒரு பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தான், வழிந்த பிறகும்.

முதல்வரைப் பார்ப்பதா வேண்டாமா என்று நான் யோசிக்கவே இல்லை. நாலு நாளாக யோசிக்கவில்லை.

மே 12, திங்கள்

இன்று சரித்திரம்.

சிங்கம் போல உள்ளே நுழைந்தேன். எனக்காக நேரம் ஒதுக்க முதல்வர் பத்து மணியிலிருந்து ஒன்றரை வரை எடுத்துக்கொண்டார். வெளியே ஒரு பெஞ்சு போட்டிருந்தார்கள்.

"சொல்லுங்க. மெட்ராஸ்ல ஏதாச்சும் புதுத் தகவலுங்களா?"

"மெட்ராசுல ஒண்ணுமில்லீங்க."

"அப்படிங்களா?"

"யாரும் கூப்பிடலீங்க. நானாச் சொன்னதுங்க. அப்படிச் சொன்னா நீங்க புள்ளைய உட்டுறாமப் புடிச்சு வெச்சுக்குவீங்கன்னு நெனச்சேன்."

கண்ணாடியைக் கழற்றினார். "அன்னைக்கு நீங்க சொன்னது பொய். இன்னைக்குச் சொல்றது நிஜம். அப்படித்தானே?"

"ஆமாங்க."

"அன்னைக்கும் இதே மூஞ்சியோடதானே சொன்னீங்க?"

நான் துண்டால் மூஞ்சியைத் துடைத்துக்கொண்டேன்.

"பாருங்க, நான் தாளாளர்கிட்டச் சொல்லியாச்சு. இப்ப மாத்திச் சொல்லோணும்னா எனக்கு ஒரு காகிதம் வேணும். உங்க கையால எழுதிக் கையெழுத்துப் போடுங்க. நம்பற மாதிரி இருந்தா நான் எடுத்துட்டுப் போய்ப் பேசறேன்."

பக்கத்து அறையில் தாளும் பேனாவும் கொடுத்தார்கள். முதல் தாளில் பழக்க தோஷத்தில் கொஞ்சம் அலங்காரம் சேர்ந்துவிட்டது. முதல்வர் படித்தார். "இதுலயும் ஒரு மந்திரி வர்றாரே" என்று திருப்பிக் கொடுத்தார். இரண்டாவதில் மந்திரியை எடுத்துவிட்டுக் கலெக்டரை வைத்தேன். அதையும் திருப்பிக் கொடுத்தார். மூன்றாவதை எழுத அதிக நேரம் ஆகவில்லை. பெரிய மனிதர்கள் தங்கள் கடிதங்களுக்கு நகல் வைத்துக்கொள்வார்கள். நானும் வைத்திருக்கிறேன்.

"மதிப்பிற்குரிய முதல்வர் ஐயா அவர்களுக்கு,

ஏப்ரல் 29 அன்று என் அக்காள் மகள் சுகுணாவைப் பற்றித் தங்களிடம் நான் சொன்னவை பொய். அவரை யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை. எனக்கு எந்த அதிகாரியையும் தெரியாது. நான் வந்ததே சுகுணாவுக்குத் தெரியாது.

நான் ஒன்பதாம் வகுப்பு தேறாதவன். போர் வண்டிக்கு ஆள் பிடித்துக் கொடுப்பவன். ஒருவரிடம் போய் இன்னொருவர் கேட்கிறார் என்று சொல்வது என் தொழில் பழக்கம். அதை இங்கே செய்திருக்கக் கூடாது.

பதின்மூன்று வருடத்துக்கு முன்னால் சுகுணாவுக்குச் சென்னையில் முழு நேர ஆராய்ச்சிக்கு இடம் கிடைத்தது. அவர் போக ஆசைப்பட்டார். ரொம்பப் படித்தால் மாப்பிள்ளை அமையாது என்று சொல்லித் தடுத்தவன் நான். அக்காள் என் பேச்சைக் கேட்டார். இது இரண்டாவது தடவை. தயவுசெய்து என்னால் இது நின்றுபோகாமல் செய்ய வேண்டும்.

இப்படிக்கு,
பொ. பொங்கியண்ணன்."

முதல்வர் படித்துவிட்டு மணியை அடித்தார். காபி வந்தது. சர்க்கரை கம்மி.

வீட்டில் பாவாயி, "எங்க போயிட்டு வர்றீங்க, மூஞ்சி செத்துப் போய்க் கெடக்குது?" என்று கேட்டாள்.

"முதல்வரை ஒரு பிடி பிடிச்சுட்டு வந்தேன்" என்றேன். "நடுங்கிட்டாரு."

மே 14, புதன்

சான்று வந்துவிட்டது! படிப்பு முடிந்து மூன்று வருடம் இதே கல்லூரியில்தான் வேலை பார்க்க வேண்டும் என்று சுகுணாவிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார்களாம். போனில் சொன்னாள், குரல் சரியாக இல்லை, அழுதிருப்பாள் போல. "எப்படி மாமா மனசு மாறுச்சு அவருக்கு?"

"ஒரு பிடி பிடிச்சேன் அம்மணி."

"மறுபடியும் போனீங்களா!" என்று பயந்துவிட்டாள். அப்புறம், "என்னமோ போங்க" என்று வைத்துவிட்டாள். இன்னும் கோபம் போகவில்லை. போன வாரம் அவள் இட்லி மாவு கொடுத்தனுப்பியபோதுகூட என்னை விசாரிக்கவில்லை என்று பாவாயி சொன்னாள்.

மே 15, வியாழன்

தபாலை நம்பாமல் சுகுணாவே திருச்சி போய் விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டு வந்தாள். என்னைக் கூப்பிடவில்லை. எனக்கும் இன்று வாழைக்கு மருந்தடிக்கும் வேலை இருந்தது.

ஜூன் 13, வெள்ளி

நேர்முகத் தேர்வு. ஐந்து பேர் உட்கார்ந்து கேள்வி கேட்டார்களாம். தனசேகரன் சொன்னான். அவனும் கூடப் போயிருந்தான், கடையைப் பூட்டிவிட்டு. பதின்மூன்று வருடத்தில் அவன் தீபாவளி தவிர கடை பூட்டி நான் பார்த்ததில்லை. எங்கிருந்து பிடித்தேன் இந்த மாப்பிள்ளையை என்று எனக்கே ஆச்சரியமாக இருக்கிறது.

ஜூன் 27, வெள்ளி

இடம் கிடைத்துவிட்டது. ஊர் முழுக்கச் சொல்லிவிட்டு வந்தேன். டீக்கடையில், "நீங்கதான் ஏற்பாடு பண்ணுனீங்களா?" என்று ஹெட்மாஸ்டர் கேட்டார். ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தேன். டீ சுட்டுவிட்டது.

ஜூன் 30, திங்கள்

சாயங்காலம் ஆறு மணிக்குச் சுகுணா வந்தாள். இரண்டு மாதத்தில் முதல் தடவை. நான் மோட்டார் ரூமில் இருந்தேன். நேராக அங்கேயே வந்துவிட்டாள்.

"சேர்க்கை ஆர்டரைக் காலேஜ் ஆபீஸ்ல கொடுத்தனுங் மாமா. அதைச் சேர்க்கறதுக்கு கிளார்க் என்ற ஃபைலை எடுத்தாரு. உள்ள ஒரு கடுதாசி."

"ஆபீஸ்னா ஆயிரம் கடுதாசி இருக்கும்."

"பொ. பொங்கியண்ணன்னு கையெழுத்துப் போட்டது ஒண்ணுதான் இருந்துச்சு."

ஸ்பானரைத் தேடினேன். கையில்தான் இருந்தது.

"மெட்ராஸ் போறத நீங்க தடுத்தீங்கன்னு எழுதியிருக்கீங்க."

"எழுதற வேகத்துல வந்துருச்சு அம்மணி. கதைக்கு ஒரு உருக்கம் வேணுமில்ல."

"நீங்க மட்டுமா தடுத்தீங்க? அம்மா சொன்னாங்க, பெரியப்பா சொன்னாரு, பக்கத்து ஊட்டு ஆளு வரைக்கும் வந்து சொல்லிட்டுப் போனாங்க. இப்பக் கேட்டா ஒருத்தருக்கும் ஞாபகம் இல்ல. 'நாங்க எங்க சொன்னோம், நீதான் போகலை'ங்கறாங்க." ஹெல்மெட்டைக் கழற்றினாள். "'ஆமா, நாந்தான் சொன்னேன்'னு எழுதிக் கையெழுத்துப் போட்டது நீங்க ஒருத்தர்தான்."

ஏற்கெனவே இறுக்கியிருந்த போல்ட்டை நான் இன்னொரு தடவை இறுக்கினேன்.

"அந்த கிளார்க் தெரிஞ்சவருதானுங் மாமா. வேணும்னா எடுத்துக் கொடுத்தர்றேன்னு சொன்னாரு. ஒம்பதாவது தேறலைங்கறதெல்லாம் இருக்குது. நாளைக்கு எடுத்துட்டு வந்தரட்டுமா?"

"வேண்டாம்."

"நான் ரிடையர் ஆகற வரைக்கும் அதுலயே கெடக்கும்."

"கெடக்கட்டும்."

சிரித்தாள். உள்ளே போய்ப் பாவாயியிடம் காபி கேட்டாள். வரும் சனிக்கிழமை முதல் வகுப்பு, ஐந்தே முக்கால் பஸ்ஸுக்குப் பாப்பாவை இங்கே கொண்டுவந்து விட்டுவிட்டுப் போவதாக இருவரும் பேசிக்கொண்டார்கள். என்னை யாரும் கேட்கவில்லை. பாப்பாவுக்குக் காலையில் தோசை நான் ஊற்றுவதாகச் சொன்னேன். அதற்கும் பாவாயி சிரித்தாள்.

ஆக, நிலவரம் இதுதான். சுகுணாவின் எம்.எஸ்சி. சான்றிதழுக்கும் பல்கலைக்கழக ஆணைக்கும் நடுவில், ஓட்டை போட்டு நாடா கட்டி, என் கடிதம் இருக்கிறது. ஒன்பதாவது தேறாதவன் எழுதியதை ஒரு பொறியியல் கல்லூரி கோப்பில் போட்டுப் பாதுகாப்பது இந்த மாவட்டத்திலேயே என் ஒருவனுடையதைத்தான். சந்தேகம் இருப்பவர்கள் நேரில் போய் விசாரித்துக்கொள்ளலாம். நான் சொன்ன மற்றதை வேண்டாம், இதை விசாரிக்கலாம்.